தூத்துக்குடியில் கார் கம்பெனி வந்தால் குமரிக்கு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் வியட்நாம்காரர்களின் கார் தொழிற்சாலை திறந்ததிலிருந்து எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் இதே பேச்சுதான். ஒருத்தர் “வேலை கிடைக்குமா தம்பி” என்பார், இன்னொருத்தர் “எல்லாம் அவன் நாட்டுக்குத்தான் போகும்” என்பார், பையன்கள் போனில் செய்தியைக் காட்டி “இந்தக் கோடிக் கணக்கு நிஜமா அண்ணே” என்று கேட்பார்கள். நான் சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் பதினொரு வருடம் தரப் பிரிவில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்ததால் எழுதிவிட்டேன். கேள்விகள் எல்லாம் உண்மையில் கேட்கப்பட்டவை.

தூத்துக்குடியில் வந்திருப்பது சரியாக என்ன?

வின்ஃபாஸ்ட் என்கிற வியட்நாம் நிறுவனத்தின் மின்கார் தொழிற்சாலை. 2024 பிப்ரவரி 25ஆம் தேதி சிப்காட் என்கிற அரசுத் தொழிற்பேட்டை வளாகத்தில் அடிக்கல் போட்டார்கள், 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார். அடிக்கலுக்கும் திறப்புக்கும் நடுவே பதினேழு மாதம்தான். 400 ஏக்கர். தொடக்கத்தில் வருடத்துக்கு 50,000 கார், பிறகு 1,50,000 வரை போகலாம் என்பது அறிவிப்பு. வேலை 3,000 முதல் 3,500 பேருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இப்போதைக்கு அங்கே நடப்பது பெரும்பாலும் பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து கூட்டிச் சேர்க்கிற வேலை. பாடி ஷாப், பெயிண்ட் ஷாப், அசெம்பிளி எல்லாம் இருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒரு காரில் எத்தனை பாகம் இந்த மண்ணில் செய்யப்படுகிறது என்பதுதான் கடைசியில் ஊருக்கு என்ன மிஞ்சும் என்பதைத் தீர்மானிக்கும். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

16,000 கோடி என்று பேப்பரில் போட்டானே, அவ்வளவும் வந்துவிட்டதா?

இல்லை. 16,000 கோடி என்பது மொத்த எண்ணம். முதல் கட்டமாக ஐந்து வருடத்தில் 50 கோடி டாலர் போடுவோம் என்பதுதான் அவர்கள் சொன்னது. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி கட்டினது மாதிரி இல்லை. ஹூண்டாய் 2023 மே மாதம் பத்து வருடத்தில் 20,000 கோடி என்று கையெழுத்துப் போட்டது, 2024 ஜனவரியில் இன்னும் 6,180 கோடி என்றது. ரெனோவும் நிசானும் சேர்ந்து 2023இல் 5,300 கோடி என்றன. பிறகு 2025இல் நிசான் தன் 51 சதவீதப் பங்கை ரெனோவிடமே விற்றுவிட்டு அந்தத் தொழிற்சாலையை விட்டு விலகியது. பெரிய எண்ணைப் பார்த்தால் உடனே “எத்தனை வருடத்தில்?” என்று கேட்கப் பழகுங்கள். கேட்டாலே பாதி தெளிவு வந்துவிடும்.

வெளிநாட்டுக் கம்பெனி என்றால் எதையெல்லாம் சொல்கிறீர்கள்? மாருதி நம்மூர் கம்பெனி இல்லையா?

மாருதி 1981இல் மத்திய அரசு தொடங்கியது. 1982இல் ஜப்பானின் சுசூகி 26 சதவீதப் பங்கோடு உள்ளே வந்தது, 1983 டிசம்பர் 14ஆம் தேதி இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். 2002இல் சுசூகி பெரும்பான்மை எடுத்துக்கொண்டது, 2007இல் அரசு முழுதாக வெளியேறியது. இன்று சுசூகியின் கையில் சுமார் 58 சதவீதம். அதனால் பெயர் நம்முடையது, கடிவாளம் அவர்களுடையது.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. நாகர்கோவில் ராணித்தோட்டம் பணிமனையில் நிற்கிற அரசு பஸ்களைப் பாருங்கள், பெரும்பாலும் அசோக் லேலண்ட். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்த கம்பெனி அது. 1955இல் இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸ் உள்ளே வந்து பெயரும் மாறியது. 1987இல் இந்துஜா குழுமம் வாங்கியது. அந்த இங்கிலாந்து லேலண்டே பின்னாளில் இல்லாமல் போயிற்று, எண்ணூர் ஆலையில் கற்ற வேலை மட்டும் இங்கேயே நின்றது. நாகர்கோவிலிலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறுகிற பஸ்ஸின் எஞ்சின் சத்தத்தில் அந்தக் கதை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். வந்தவன் போன பிறகு என்ன நின்றது? எந்தக் கம்பெனியையும் நான் அளக்கிற கோல் இதுதான்.

நம்ம மாவட்டத்தில் கார் தொழிற்சாலையே இல்லை. நமக்கு என்ன சம்பந்தம்?

கீரிப்பாறையிலோ குலசேகரத்திலோ ரப்பர் தோட்டத்துக்கு விடியற்காலை போய்ப் பாருங்கள். தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, முந்தின நாள் வெட்டுக்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் பட்டையைச் சீவிக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் காயப்பட்டுவிடும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. சிரட்டையில் சொட்டுகிற பால் வெயில் ஏறுவதற்குள் பக்கெட்டுக்கு வரவேண்டும். அப்புறம் டிரேயில் ஊற்றி ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் அடித்து, கொடியில் காயப்போட்டு, புகை போட்டு ஷீட்டாக்கி மார்த்தாண்டத்துக் கடைக்குக் கொண்டுபோவார்கள். சிரட்டையில் ஒட்டி நிற்கிற ஒட்டுப்பாலைக்கூட விடுவதில்லை, அதற்கும் விலை உண்டு. தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே குமரி மாவட்டம்தான், அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகமும் நாகர்கோவிலில்தான்.

இந்தியாவில் பயன்படுகிற இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயருக்குப் போகிறது. ஆக, நம் மலையடிவாரக் குடும்பங்கள் வாகனத் தொழிலில் ஏற்கெனவே இருக்கிறார்கள், கேட்டுக்குள் போகாமலே இருக்கிறார்கள். வெளிநாட்டு டயர் கம்பெனியான மிஷலின் கும்மிடிப்பூண்டி அருகே தேர்வாய் கண்டிகையில் லாரி, பஸ் டயர் செய்கிறது. கார் டயரைவிட லாரி டயரில்தான் இயற்கை ரப்பர் அதிகம் சேரும், எனவே இது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி இல்லை.

ஆனால் கார் உற்பத்தி கூடினால் ரப்பர் விலை தானாக ஏறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023-24இல் நாட்டின் உற்பத்தி சுமார் எட்டரை லட்சம் டன், தேவை சுமார் 14 லட்சம் டன். பாக்கி எல்லாம் இறக்குமதி. இவ்வளவு பற்றாக்குறை இருந்தும் விலை தாய்லாந்தையும் வியட்நாமையும் பார்த்துத்தான் ஆடுகிறது. 2024 ஆகஸ்டில் ஆர்.எஸ்.எஸ். 4 என்கிற புகை போட்ட ஷீட் ரகம் கிலோ 240 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் பக்கத்தில் விட்டுப்போட்ட மரங்களிலெல்லாம் மறுபடி பால் வெட்ட ஆரம்பித்தார்கள், பிறகு இறங்கியதும் மறுபடி விட்டார்கள். ரசாயனம் கலந்து வருகிற கலவை ரப்பருக்கான இறக்குமதி வரியை 2023 பட்ஜெட்டில் 10இலிருந்து 25 சதவீதமாக்கியது கொஞ்சம் உதவி. டயர் கம்பெனி எங்கே வாங்குகிறது என்பதை இந்த வரிகள்தான் பெரிதும் முடிவு செய்கின்றன. தொழிற்சாலை எத்தனை கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கிறது என்பது இதில் பெரிய கணக்கே இல்லை.

சரி, மின்கார் வந்தால் ரப்பர் தேவை குறையுமா? டயர் இல்லாமல் எந்தக் காரும் ஓடாது. பேட்டரி எடையால் மின்காரின் டயர் சீக்கிரமே தேயும். எஞ்சினோடு வருகிற ரப்பர் குழாய்களில் சில குறையும். மொத்தத்தில் தோட்டக்காரர்கள் பயப்பட வேண்டிய விஷயம் இது இல்லை.

ஒரு தொழிற்சாலையில் 3,000 பேருக்கு வேலை. அதற்கா இத்தனை ஆரவாரம்?

கேட்டுக்குள் இருப்பதை மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். கார் கம்பெனி என்பது கடைசியில் பூட்டுகிற இடம். சீட்டு ஒருத்தர் செய்வார், வயரிங் ஹார்னஸ் என்கிற மின்கம்பிக் கட்டு ஒருத்தர், கண்ணாடி ஒருத்தர், பிரேக் ஒருத்தர், அந்தப் பிரேக்குக்கு உள்ளே போகிற ரப்பர் சீல் வேறொருத்தர். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது மாண்டோ, ஹ்வாஷின் என்று கொரியப் பாகக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. 1998இல் சான்ட்ரோ வந்தது. இன்று அந்த இரண்டு ஆலைகளிலும் சேர்த்து வருடத்துக்கு 8,24,000 கார் செய்யலாம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று நெடுகப் போனால் ஷெட் ஷெட்டாகத் தெரிவதெல்லாம் இப்படிப் பின்னால் வந்தவை, பக்கத்தில் முளைத்தவை. பி.எம்.டபிள்யூ., டெய்ம்லர், ரெனோ, யமஹா எல்லாம் அந்தப் பகுதிக்கு வந்ததற்கு ஒரு காரணம், பாகம் செய்கிறவர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தது. அதற்கும் முன்னால் 1960களிலேயே டி.வி.எஸ். குழுமம் லூகாஸ், கிளேட்டன் போன்ற இங்கிலாந்துக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து சென்னையின் பாடி பகுதியில் பாகம் செய்ய ஆரம்பித்திருந்தது. அடித்தளம் ஒரு நாளில் வந்தது இல்லை.

நான் வேலை பார்த்தது இந்த இரண்டாம் வரிசைக் கம்பெனிகளில் ஒன்றில். ஒரு நாள் சொல்கிறேன். கதவுக்குள் போகிற ஒரு பிராக்கெட், கை விரல் அகலம்தான். ஒரு பெட்டியில் 400 இருக்கும். அதில் மூன்றின் ஓரத்தில் பிசிறு. நகத்தால் தடவினால்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கார் கம்பெனிக்காரன் பெட்டி முழுவதையும் சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிட்டான். அன்று ராத்திரி நாங்கள் ஆறு பேர் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து 400ஐயும் ஒவ்வொன்றாகத் தடவினோம். காலையில் “ஏன் பிசிறு வந்தது?” என்று ஒரு தாளில் எழுதித் தரவேண்டும். டை, அதாவது தகட்டை வெட்டுகிற அச்சு, தேய்ந்தது. ஏன் தேய்ந்தது? நேரத்துக்குத் தீட்டவில்லை. ஏன் தீட்டவில்லை? எத்தனை அடிக்குப் பிறகு தீட்டணும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அவ்வளவுதான், அன்றிலிருந்து ஒவ்வொரு டைக்கும் பக்கத்தில் ஒரு கணக்குப் பலகை மாட்டினோம். எரிச்சலாக இருந்தது அப்போது. ஆனால் அந்தப் பழக்கம் இன்றுவரை என் கையை விட்டுப் போகவில்லை.

என்னோடு இருந்த ஒருத்தர் இப்போது தக்கலை பக்கம் ரப்பர் வாஷர், கேஸ்கட் அச்சு வார்க்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறார். நாலு பேர் வேலை செய்கிறார்கள். அங்கேயும் அச்சுக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு பலகை. எந்தக் கார் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் இதை எழுதமாட்டார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் நமக்குக் கொடுத்ததில் பெரியது இதுதான்.

அரசுக்கு வரி கொட்டுமே?

இதில் நிறைய பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஜி.எஸ்.டி. என்பது பொருள் எங்கே செய்யப்பட்டது என்று பார்க்காது, எங்கே விற்கப்பட்டது என்றுதான் பார்க்கும். இருங்காட்டுக்கோட்டையில் செய்த காரை லக்னோவில் ஒருத்தர் வாங்கினால் வரியின் மாநிலப் பங்கு உத்தரப் பிரதேசத்துக்கு. குர்கானில் செய்த காரை நாகர்கோவிலில் நீங்கள் வாங்கினால் அந்தப் பங்கு தமிழ்நாட்டுக்கு. அதனால் 2017க்குப் பிறகு, ஒரு கார் தொழிற்சாலை நம் மாநிலத்தில் இருப்பதாலேயே கார் வரி நமக்குக் குவிந்துவிடுவதில்லை. மின்காருக்கு வரியே 5 சதவீதம்தான். ஏற்றுமதி காருக்கு ஜி.எஸ்.டி. இல்லை, டாலர் வரும், துறைமுகத்துக்கும் லாரிக்காரருக்கும் வேலை வரும்.

பிறகு மாநிலத்துக்கு என்ன லாபம் என்றால், சம்பளம். அந்தச் சம்பளம் கடைக்குப் போகும், வாடகைக்குப் போகும், ஊருக்கு அனுப்பும் பணமாக வடசேரி சந்தைவரை வரும், அங்கே செலவாகும்போது வரியாகும். சுற்றிவந்துதான் சேரும்.

லாபத்தை எல்லாம் அவன் நாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறானே?

ஒரு பகுதி போகிறது, மறைக்க ஒன்றும் இல்லை. இரண்டு வழி. ஒன்று, பங்குக்கான லாபம். இரண்டாவது ராயல்டி, அதாவது அவர்களுடைய வடிவமைப்பையும் பெயரையும் பயன்படுத்துவதற்கான கட்டணம். ஹூண்டாய் இந்தியா தன் விற்பனையில் 3.5 சதவீதத்தைத் தாய்க் கம்பெனிக்கு ராயல்டியாகக் கொடுக்கிறது. 2024 அக்டோபரில் அது பங்கு வெளியிட்டபோது 27,870 கோடி ரூபாய் திரட்டியது, அதுவரை இந்தியாவில் நடந்ததிலேயே பெரிய வெளியீடு. அது முழுக்கத் தாய்க் கம்பெனி தன் பங்கை விற்றது. அந்தப் பணம் கொரியாவுக்குப் போனது, ஆலைக்குள் வரவில்லை. செய்தியைப் பார்த்து “நம்ம ஊரில் இவ்வளவு முதலீடு” என்று சந்தோஷப்பட்டவர்களிடம் இதை நான் சொல்லவேண்டியிருந்தது.

இதனால் வெளிநாட்டுக் கம்பெனி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. முதல் போட்டவன் லாபம் எடுப்பான். நாம் பார்க்கவேண்டியது, வடிவமைப்பு வேலை இங்கே நடக்கிறதா என்று. அது இங்கே நடந்தால் நம் என்ஜினீயர் சம்பளம் வாங்குவார், ராயல்டி கேள்வியும் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில் ரெனோ-நிசானின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது, நம் மாவட்டத்து என்ஜினீயரிங் பிள்ளைகளை அந்த மாதிரி இடங்களில் நிறையப் பார்க்கலாம்.

சி.எஸ்.ஆர்., கம்பெனியின் சமூகப் பொறுப்பு என்று பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார்களே, அது தர்மமா?

சட்டம். 2013ஆம் வருடத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. நிகர மதிப்பு 500 கோடியோ, விற்பனை 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ இருந்தால் கடந்த மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்கவேண்டும். சொந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் செய்வது இதில் சேராது. செலவழிக்காமல் விட்டால் அந்தப் பணத்தை அரசு சொன்ன நிதிக்கோ தனிக் கணக்குக்கோ மாற்றியாகணும்.

லாபத்தில் 2 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். லாபமே இல்லாத கம்பெனிக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, புதிதாக வந்தவர்களிடம் உடனே எதிர்பார்க்க முடியாது. இன்னொன்று, தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால்தான் இந்தப் பணம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் குவிகிறது, குமரிக்கு வருவதில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கு வேண்டுமென்றால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ வழியாகத் தேவையைப் பதிந்து கேட்கலாம். கேட்கும்போது பெயிண்ட் கேட்காதீர்கள். ஒரு லேத்தோ, வெல்டிங் பயிற்சிக்கூடமோ, ஒரு பயிற்றுநரின் மூன்று வருடச் சம்பளமோ கேளுங்கள். டொயோட்டா பெங்களூர் அருகே பிடதியில் 2007இலிருந்து கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தங்கவைத்து இலவசமாகத் தொழில் கற்றுத்தருகிறது. எனக்குப் பிடித்த மாதிரி இதுதான், ஏனென்றால் பெயிண்ட் நாலு மழையில் போய்விடும். அதுவும் நம் மாவட்டத்து மழைக்கு இரண்டு வருடம் தாங்காது.

ஃபோர்டு போனது போல இவர்களும் போய்விட்டால்?

போகலாம். அதை நினைத்துக்கொண்டுதான் வரவேற்கவேண்டும். ஃபோர்டு 1995இல் மகிந்திராவோடு கூட்டாக வந்தது, மறைமலை நகரில் தொழிற்சாலை, ஐக்கானில் ஆரம்பித்து எக்கோஸ்போர்ட்வரை. அங்கே செய்த எக்கோஸ்போர்ட் அமெரிக்காவுக்கே கப்பலில் போனது. அப்புறம் 2021 செப்டம்பரில், பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், உற்பத்தியை நிறுத்துகிறோம் என்றார்கள். சுமார் 4,000 பேரைப் பாதிக்கும் என்று அவர்களே சொன்னார்கள். அதுவும் உள்ளே இருந்தவர்கள் கணக்கு மட்டும். 2022 மே, ஜூனில் இழப்பீட்டுக்காகத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள், அதே வருடம் ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது.

அந்தச் சமயம் எங்கள் கம்பெனியும் ஒரு ஆர்டரை இழந்தது. வரிசையில் கடைசியாகச் சேர்ந்த காண்ட்ராக்ட் பையன்களை முதலில் அனுப்பினார்கள். விளவங்கோடு பக்கத்துப் பையன் ஒருத்தன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தான். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த அந்தச் சாயங்காலம் எனக்கு மறக்காது. மூன்று மாதம் கழித்து வேறொரு கம்பெனியில் அதே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கையில் தொழில் இருந்தது, சுற்றிலும் வேறு கம்பெனிகள் இருந்தன. ஒரே ஒரு பெரிய ஆலையை நம்பி நிற்கிற ஊராக இருந்திருந்தால் அவன் நேரே சவூதிக்கு விசா தேடியிருப்பான்.

தூத்துக்குடியில் இப்போது இருப்பது அந்த ஒரே ஒரு ஆலை நிலைமைதான். அதனால்தான் பாகக் கம்பெனிகள் அங்கே வருவது எனக்கு இன்னொரு ஆயிரம் வேலை அறிவிப்பைவிட முக்கியமாகப் படுகிறது.

ஃபோர்டு முழுதாகவும் போகவில்லை. சென்னையில் அவர்களுடைய அலுவலகப் பிரிவில் சுமார் 12,000 பேர் இருந்தார்கள். 2025 அக்டோபரில் மறைமலை நகரில் 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் செய்யப்போவதாக அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள், உற்பத்தி 2029இல் என்று அறிவிப்பு. மேலே சொன்ன “எத்தனை வருடத்தில்?” என்ற கேள்வி இதற்கும் பொருந்தும்.

2018க்குப் பிறகு தூத்துக்குடி என்றாலே பயமாக இருக்கிறது. மாசு?

கேட்கவேண்டிய கேள்விதான், அந்த ஊரில் யார் எந்த ஆலையைக் கொண்டுவந்தாலும் கேட்பார்கள். கார் ஆலை ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை மாதிரி இல்லை. இதில் கவனிக்கவேண்டிய இடம் பெயிண்ட் ஷாப், அங்கேதான் ரசாயனமும் தண்ணீரும் அதிகம் செலவாகும். கழிவுநீரை எவ்வளவு சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டையும் பக்கத்துப் பஞ்சாயத்துகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். தாமிரபரணித் தண்ணீருக்கு ஏற்கெனவே எத்தனை கை நீள்கிறது என்று நமக்குத் தெரியும்.

நம்ம மாவட்டத்தில் ஏன் இப்படி ஒன்று வரவில்லை?

இடம் இல்லை. சுமார் 1,680 சதுர கிலோமீட்டர், அதில் கணிசமான பகுதி காடும் மலையும். 2011 கணக்கில் 18.7 லட்சம் பேர், சென்னைக்கு அடுத்தபடி நெருக்கம். 400 ஏக்கர் ஒரே சதுரமாக வேண்டுமென்றால் வயலையோ குளத்தையோ தொடாமல் முடியாது. தொடக்கூடாது என்பதுதான் என் கருத்து, மிச்சமிருக்கும் நாஞ்சில் நாட்டு வயலைக் கார் பார்க்கிங் ஆக்க யாரும் சம்மதிக்கவேண்டாம்.

ஆனால் ரப்பர் பாகம் செய்ய 400 ஏக்கர் வேண்டாம். ஷீட்டாக விற்கிற ரப்பரைச் சீல், பீடிங், புஷ், மவுண்ட் என்று பாகமாக்கி விற்றால் விலை பல மடங்கு. பால் நம்முடையது, படித்த பிள்ளைகள் நம்முடையவர்கள், 2011 கணக்கில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் நம்முடையது. இல்லாதது கார் கம்பெனி ஏற்றுக்கொள்கிற தரச் சோதனைக்கூடமும், முதல் ஆர்டரும். இந்த இரண்டையும் கேட்டு மாவட்டத்திலிருந்து ஒரு குரல் போனால் நன்றாக இருக்கும். வாசகசாலையில் இதைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் சத்தமாகிவிடுகிறேன், மன்னிக்கவும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்பலாம். வயரிங், எலெக்ட்ரானிக்ஸ், தரப் பிரிவுகளில் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். தங்குமிடத்தை நேரில் போய்ப் பாருங்கள், ஷிப்ட் முடிந்து விடுதிவரை கம்பெனி பஸ் வருமா என்று கேளுங்கள். அரசின் ‘தோழி’ விடுதிகள் இருக்கிற ஊரானால் அதையும் விசாரியுங்கள்.

என் மகன் நாகர்கோவில் கோணம் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்திருக்கிறான். தூத்துக்குடியில் சேரச் சொல்லி ஒருத்தர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அக்கா. முறையான கம்பெனி வேலைக்குப் பணம் வாங்காது. கேட்கிறவர் சொந்தக்காரராக இருந்தாலும், கோவில் கமிட்டியில் இருந்தாலும் இதே பதில்தான்.

ஆஃபர் கடிதம் வந்தால் முதலில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கார் கம்பெனியின் பெயரா, இல்லை ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பெயரா? ஏஜென்சி என்றால் அது காண்ட்ராக்ட். தப்பில்லை, ஆனால் அதைத் தெரிந்துகொண்டு போகணும். அப்ரண்டிஸ் என்று போட்டிருந்தால் எத்தனை மாதம், முடிவில் சான்றிதழ் உண்டா என்று கேளுங்கள். அப்ரண்டிஸுக்குப் பி.எஃப். பிடிக்கமாட்டார்கள். மற்றவர்களுக்குச் சம்பளத்தில் பி.எஃப். 12 சதவீதம் பிடித்தால் அதே அளவு அவர்களும் கட்டவேண்டும், முதல் மாதமே யு.ஏ.என். என்கிற பி.எஃப். கணக்கு நம்பரை வாங்கிப் போனில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு. நான் சேர்ந்த முதல் எட்டு மாதம் பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை. அது தெரிய எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அப்புறம், எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பெட்டி தூக்கிவைக்கிற இடத்தில் மூன்று வருடம் இருந்தால் மூன்று வருடமும் பெட்டிதான் தூக்குவான். மெயின்டெனன்ஸ், டூல் ரூம், தரப் பிரிவு, ரோபோ வெல்டிங் என்றால் சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் போகட்டும். பையனை ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்கு அனுப்புங்கள், கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வரட்டும், வரி வரியாகப் படித்துப் பார்த்துவிடலாம்.